அக்காவின் வண்டி பூந்தொட்டி ஆகவில்லை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அக்கா மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து இறக்கவில்லை. கணையத்தில் வந்த புற்றுநோயால் இறந்தார். காரியத்தன்று பந்தலில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே, "அந்த மிலிட்டரி வண்டிதான் அவளக் கொண்டுபோயிடுச்சி" என்று பேசியவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். இந்த நினைவு மலர் அவர்கள் கைக்கும் வரும். இந்தப் பத்தியை மட்டும் அவர்கள் இரண்டு முறை படிக்கவும்.

நான் அக்காவின் தம்பி. மீன் ஏற்றுகிற டெம்போ ஓட்டுகிறேன். எழுதிப் பழக்கமில்லை. எங்கள் அண்ணன் எழுதுவதாகத்தான் இருந்தது. பிரான்சிலிருந்து போன் செய்து, "நீயே எழுதுடா. நான் எழுதினா அன்பானவ, பொறுமசாலின்னு எழுதிடுவேன்" என்றார். அக்கா அன்பானவர்தான். பொறுமைசாலி இல்லை.

அக்கா பிறந்தது முதலியார்பேட்டையில், இப்போது நாங்கள் இருக்கும் இதே வீட்டில். எங்கள் மூவரில் நடுவில் பிறந்தவர். அப்பா பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்தார். அக்கா நர்ஸ் படிப்பு முடித்து அரசு வேலைக்குப் போனார். வேலைக் காலம் முழுக்கப் பிரசவ வார்டுதான். மாமாவுக்குக் கட்டிக்கொடுத்துச் சில வருடங்களிலேயே அவர் இறந்துபோனார். அக்கா திரும்ப இந்த வீட்டுக்கே வந்தார். ஓய்வு பெறும்வரை சைக்கிளில்தான் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். பிள்ளை இல்லையே என்று அவரிடம் இரக்கப்பட்டுப் பேசியவர்களில் பாதிப் பேருடைய பிள்ளைகளை இந்த உலகத்தில் முதலில் கையில் வாங்கியவர் அக்கா. ஆளுக்கு ஏற்ற மாதிரி அவர் பேசியதில்லை. வலியில் கத்துகிற பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டே, வெளியே நின்று கத்துகிற புருஷனைத் திட்டுவார்.

இனி வண்டி.

சென்னையில் ராணுவம் கழித்துவிட்ட சாமான்களை ஏலம் விட்டபோது அப்பா வாங்கிவந்தது அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஆங்கிலேய ராணுவ வண்டி. கம்பெனிப் பெயர் எழுதவில்லை. எழுதினால் நாளைக்கே இரண்டு பேர் விலை கேட்டு வாசலில் நிற்பார்கள். ஒற்றை சிலிண்டர், ஆள் படுக்கும் நீளம், தூக்கி நிறுத்த இரண்டு பேர் வேண்டும். அப்பா அதை யாரையும் தொடவிடமாட்டார். அண்ணனுக்கு மட்டும் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். நான் சின்னவன் என்றும், அக்கா பெண் என்றும் எங்களைச் சேர்க்கவில்லை.

அக்காவுக்கு ஒரே ஒரு வேலை கொடுத்திருந்தார். ஆயுத பூஜைக்கு வண்டியைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைக்க வேண்டும். விளக்கில், டேங்கில், எஞ்சினில், இரண்டு சக்கரத்திலும். சின்னப் பெண்ணாக இருந்ததிலிருந்து வருடா வருடம் அக்கா பொட்டு வைத்தார். வைத்து முடித்ததும் அப்பாவோ அண்ணனோ ஏறி எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்புவார்கள். அக்கா தட்டோடு வாசலில் நிற்பார்.

மாமா இறந்த வருடம் ஆயுத பூஜை வந்தது. அக்கா எப்போதும்போலக் குழைத்த சந்தனத்தோடு வண்டிப் பக்கம் போனார். வீட்டுக்கு வந்திருந்த எங்கள் அத்தை ஒருத்தர், "தாலி எறக்கனவ வண்டிக்குப் பொட்டு வெக்கலாமா" என்று கேட்டார். அப்பா எலுமிச்சம்பழத்தை எடுத்துச் சக்கரத்துக்குக் கீழே வைத்தார். அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு டியூட்டிக்குக் கிளம்பினார். அதற்கப்புறம் அவர் வண்டிக்குப் பொட்டு வைக்கவில்லை. அந்த அத்தையும் இதைப் படிப்பார். படிக்கட்டும்.

அண்ணன் பிரான்சு குடியுரிமை உள்ள குடும்பத்தில் பெண் எடுத்து அங்கேயே போய்விட்டார். அப்பாவுக்கு முட்டி போனது. வண்டி பின்பக்கக் கொட்டகையில் தார்ப்பாய்க்குள் போனது. அப்பா இறந்த பிறகு, அவர் எழுதிவைத்திருந்தபடி வண்டி அண்ணனுக்கு வந்தது. அடுத்த கோடையில் வக்கான்ஸ் விடுமுறைக்கு ஊருக்கு வந்த அண்ணன், ஒயிட் டவுனில் ஓட்டல் நடத்துகிற ஒருவரைக் கூட்டிவந்தார்.

ஓட்டல்காரர் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து போட்டோ எடுத்தார். மஞ்சள் சுவர் ஓரம் நிறுத்திக் கேரியரில் காகிதப்பூத் தொட்டி வைத்தால் டூரிஸ்ட்டுகள் வரிசையில் நின்று படம் எடுப்பார்கள் என்றார். போகிறபோது, எண்ணெய் சொட்டினால் தரை பாழாகிவிடும், எஞ்சினைக் கழற்றிவிட்டுக் கொடுங்கள் என்றும் சொன்னார்.

அதுவரை அக்கா சமையலறையில் இருந்தார். ஓய்வு பெற்று வீட்டில் உட்காரப் பிடிக்காமல் எல்லோர் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்த காலம் அது. கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார்.

"உயிர எடுத்துட்டு ஒடம்புக்குப் பூ வெப்பாங்களாமா? அதுக்குப் பேரு வேறண்ணா."

அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. ஓடாத இரும்பை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய் என்றார். ஓடவைக்கிறேன் என்றார் அக்கா. ஓடினால் யார் ஓட்டுவது என்று அண்ணன் கேட்டார். நான்தான் என்றார் அக்கா. அண்ணன் சிரித்த சிரிப்பில் ஓட்டல்காரரும் சேர்ந்துகொண்டார். அவர் சிரித்ததுதான் தப்பாகப் போனது. அக்கா விடவில்லை. கடைசியில் அண்ணன் ஒரு பந்தயம் வைத்தார். அடுத்த வருடம் அவர் வந்து திரும்புவதற்குள், இந்த வாசலில் கிளம்பித் தேங்காய்த்திட்டு துறைமுகம்வரை போய், அக்கா தனியாக ஓட்டிக்கொண்டு திரும்பி வர வேண்டும். யாரும் தள்ளக் கூடாது. வந்துவிட்டால் வண்டி அக்காவுக்கு. இல்லையென்றால் ஓட்டலுக்கு.

"எழுதிக் குடுக்கட்டுமா?" என்றார் அண்ணன்.

"வேணாம். ஒம்மூஞ்சியே போதும்" என்றார் அக்கா.

மறுநாளே வேலை ஆரம்பித்திருக்க வேண்டும். ஆனால் தார்ப்பாயை விலக்கினால் சீட்டின் மேல் கோழி ஒன்று அடைகாத்துக்கொண்டிருந்தது. நான் தூக்கப் போனேன். பிரசவத்துக்கு இருக்கிறவளை எழுப்பக் கூடாது என்று அக்கா என் கையில் அடித்தார். குஞ்சு பொரித்து இறங்கும்வரை வண்டியைத் தொடவில்லை.

அதன் பிறகு கொட்டகை பிரசவ வார்டு ஆகிவிட்டது. எனக்குத் தெரிந்த மெக்கானிக் வேலை என்றால் கழற்றியதைக் கோணியில் போடுவது. அக்காவிடம் அது நடக்காது. எவர்சில்வர் தட்டுகளை வரிசையாக வைத்தார். ஒவ்வொரு நட்டும் மண்ணெண்ணெயில் குளித்துத் துடைத்துத் தட்டில் படுக்கும். தட்டின் மேல் பிளாஸ்திரி ஒட்டி, எங்கிருந்து கழற்றியது என்று எழுதியிருக்கும். கார்புரேட்டரில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளை உண்டு, பெட்ரோல் போகிற வழி. அது அடைத்திருந்தது. நான் கம்பி தேடப் போனேன். அக்கா சிரிஞ்சில் பெட்ரோலை இழுத்து ஊசியை வைத்து ஒரே அழுத்து அழுத்தினார். எதிர்ப்பக்கம் என் சட்டையில் பீச்சியது. பக்கவாட்டில் தொங்குகிற கேன்வாஸ் பைகள் கிழிந்திருந்தன. அவற்றை அக்கா தைத்த தையல், வயிற்றில் போடுகிற தையல். இன்னும் விடவில்லை.

டேங்கில் அப்பா அடித்த கறுப்புக்குக் கீழே ஒரு நீலம், அதற்குக் கீழே பச்சை. ராணுவப் பச்சை. சுரண்டச் சுரண்ட, வெள்ளை எழுத்தில் பழைய ராணுவ எண் ஒன்று தெரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி கத்தினோம். அந்த இடத்தில் மட்டும் பெயிண்ட் அடிக்கக் கூடாது என்றார் அக்கா. இன்றைக்கும் அந்த இடம் அப்படியே இருக்கிறது.

தேய்ந்த பாகங்களைக் கடைந்து கொடுத்தவர் லேத்துப் பட்டறை பாய். என் டெம்போவுக்கு அவர்தான் வேலை செய்வார். அக்காவை சிஸ்டர் என்பார். அக்காவும் அவரும் சண்டை போடாத நாள் இல்லை. கால் மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கிறது என்று அக்கா அவர் கடைந்த ஒரு புஷ் வளையத்தைத் திருப்பி அனுப்பினால், "சிஸ்டர், இது கொழந்தைக்கு எடை பாக்கற வேல இல்ல" என்று பாய் என்னிடம் சொல்லி அனுப்புவார். கொழந்தைய லேத்துல போட்டுட்டுப் பேசச் சொல்லு என்று அக்கா திருப்பி அனுப்புவார். நடுவில் நான் தபால்காரன்.

எல்லாம் பூட்டி முடித்தோம். நெருப்பு வரவில்லை. இந்த வண்டிக்குப் பேட்டரி தேவையில்லை, எஞ்சின் சுற்றினால் தானே நெருப்பு உண்டாக்குகிற மேக்னெட்டோ என்று ஒரு டப்பா உண்டு. அதற்குள் இருக்கிற சுருள் கருகிவிட்டது. பாய் இரண்டு முறை புதிதாகச் சுற்றிப் பார்த்தார். ஆகவில்லை. புதுச் சுருள் இங்கே கிடைக்காது என்றார். அண்ணன் வர ஒரு மாதம்கூட இல்லை.

அக்கா அண்ணனுக்கே போன் போட்டார். போர் முடிந்ததும் இந்த ராணுவ வண்டிகள் நிறைய பிரான்சிலேயே நின்றுவிட்டன, அங்கே சாமான் கிடைக்கும் என்று எங்கேயோ கேட்டுவைத்திருந்தார். அண்ணன் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்டது. என்னைத் தோற்கடிக்கிற சாமானை நானே வாங்கிவர வேண்டுமா என்றார். வைத்துவிட்டார்.

அண்ணன் வந்து இறங்கி, பெட்டியைத் திறந்து, சாக்லேட்டையும் சென்ட் பாட்டில்களையும் தள்ளிவிட்டு, ஸ்வெட்டருக்குள் சுருட்டியிருந்த ஒன்றை எடுத்து அக்கா மடியில் போட்டார். சுருள். பழைய சாமான் சந்தையில் மூன்று ஊர் அலைந்தாராம். அண்ணிதான் சொன்னார். அண்ணன் எங்கள் முகத்தைப் பார்க்காமல், "இதப் போட்டும் கத்தலன்னா எம்மேல பழி போடாத" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கொட்டகை வாசலில் வண்டி. பாய் கடைக்குக்கூடப் போகாமல் வந்துவிட்டார். அண்ணன், நான்தான் கற்றுக்கொண்டவன் என்று முதலில் ஏறினார். இடது கைப்பிடியில் ஒரு சின்ன நெம்புகோல் உண்டு, நெருப்பு எப்போது விழ வேண்டும் என்பதை முன்னே பின்னே தள்ளுவது. கிளப்பும்போது பின்னே தள்ள வேண்டும். அண்ணன் மறந்துவிட்டார். கிக்கர் திருப்பி அடித்த அடியில் அவருடைய பிரெஞ்சு ஷூ தண்ணீர்த் தொட்டியில் போய் விழுந்தது. அடுத்து நான். மூச்சு வாங்கியதுதான் மிச்சம்.

அக்கா நர்ஸ் வேலையில் போட்ட வெள்ளை ஷூவைப் போட்டுக்கொண்டு வந்தார். அறுபது வயசுக்கு மேல் சுடிதார் வேறு. அதற்கும் பேசியவர்கள் இருக்கிறார்கள். ஏறி நின்று கிக்கரை மெல்ல அழுத்தினார். ஓரிடத்தில் கெட்டியாகி நின்றது.

"இங்கதான். இப்ப முக்கக் கூடாது. இரு."

வண்டியிடம் சொன்னார். கைப்பிடியில் இருந்த இன்னொரு லீவரை விரலால் இழுத்து, உள்ளே இருந்த அழுத்தத்தை விட்டு, கிக்கரை ஒரு விரற்கடை கீழே நகர்த்தினார். லீவரை விட்டார். கிக்கரை மேலே வரவிட்டார்.

"இப்ப முக்கும்மா."

மொத்த உடம்பும் ஒரே காலில் இறங்கியது. டப் என்றது. நின்றுவிட்டது என்று நினைத்தேன். டப். பிறகு டப், டப், டப் என்று பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு அடிக்கும் நடுவில் ஒரு ஆள் கொட்டாவி விடலாம், அவ்வளவு நிதானம். தண்ணீர்த் தொட்டியின் மூடி ஆடியது. என் நெஞ்சுக்குள் ஆடியது. கொட்டகை முழுக்கப் புகை. அடைகாத்த கோழி கூரைமேல் ஏறிவிட்டது.

"சுகப்பிரசவம் சிஸ்டர்" என்றார் பாய்.

"ஆணா பொண்ணான்னு கேக்காம மிட்டாய் வாங்கியாங்க" என்றார் அக்கா. குழந்தை பிறந்தால் வார்டில் மிட்டாய் கொடுப்பார்கள் இல்லையா, அதே மாதிரி தெரு முழுக்கக் கொடுத்தார். எதற்கு என்று தெரியாமலேயே எல்லோரும் வாங்கித் தின்றார்கள்.

ஓட்டக் கற்றுக்கொள்ள லாஸ்பேட்டையில் விமான நிலையத்துப் பக்கம் உள்ள மைதானத்துக்கு டெம்போவில் ஏற்றிக்கொண்டு போனேன். காலேஜ் பெண்கள் ஸ்கூட்டி பழகுகிற இடம். முதலில் நான் ஓட்டிக் காட்டுகிறேன், அப்புறம் நீ என்றேன். இத்தனை வருடமாக டெம்போ, பைக் எல்லாம் ஓட்டுகிறவன் நான். இந்த வண்டிக்குப் பிரேக் இடது காலில், கியர் வலது காலில் என்று எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். மைதானத்து ஓரம் வந்ததும் என் வலது கால் தானாக மிதித்தது. பிரேக் பிடிக்கவில்லை, அடுத்த கியர் விழுந்தது. பயத்தில் இன்னொரு மிதி. இன்னொரு கியர். நேராக வேலிகாத்தான் புதருக்குள் போய் நின்றேன்.

ஸ்கூட்டிப் பெண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். அக்கா என்னைக் குப்புறப் படுக்கவைத்து, பையிலிருந்து இடுக்கி எடுத்து, அத்தனை பேர் முன்னாலும் ஒவ்வொரு முள்ளாகப் பிடுங்கினார். பிடுங்கிக்கொண்டே சொன்னார்.

"நீ ஓட்டத் தெரிஞ்சவன்டா. அதான் ஒனக்கு இது வராது. எங்காலுக்கு எதுவும் தெரியாது. சொன்னதக் கேக்கும்."

அது அப்படியே பலித்தது. அக்கா ஸ்கூட்டர்கூட ஓட்டியதில்லை. மறக்க வேண்டியது ஒன்றும் இல்லை. சைக்கிள் ஓட்டிய பேலன்ஸ் மட்டும் இருந்தது. இடது கால் பிரேக் என்றால் இடது கால்தான் போனது. முதலில் இரண்டு முறை விழுந்தார். எழுந்து வண்டிக்கு அடிபட்டதா என்று பார்த்தார். அண்ணன் பிரான்சுக்குத் திரும்புகிற வாரத்துக்குள், ஸ்கூட்டிப் பெண்கள் ஓரம் ஒதுங்கிக் கைதட்ட, எட்டுப் போட்டார்.

துறைமுகத்துக்குக் கிளம்புகிற நாள் காலையில் அக்கா சந்தனம் குழைத்தார். மாமா போனதிலிருந்து அன்றுதான் முதல் தடவை. விளக்கு, டேங்க், எஞ்சின், இரண்டு சக்கரம். என் மனைவி தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொட்டு வைத்து முடித்ததும் அக்கா தட்டை வாங்கிக்கொள்ளவில்லை. ஏறி உட்கார்ந்தார்.

நானும் அண்ணனும் டெம்போவில் பின்னால் போனோம். அக்கா கடலூர் ரோட்டைக் கடந்தபோது பஸ் டிரைவர் ஒருவர் பஸ்ஸை நிறுத்தி வழிவிட்டார். எனக்கு டெம்போவை ஓட்டுகிற ஞாபகமே இல்லை. ஹாரன் அடித்துக்கொண்டே போனேன். "வாய மூடிட்டு ஓட்டுடா" என்றார் அண்ணன். அவர் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்போடு தொங்கிக்கொண்டிருந்தார்.

துறைமுகத்தில் ஏலம் நடந்துகொண்டிருந்த நேரம். கூடைகள், ஐஸ், ஜனம். ஐஸ் வண்டி ஒன்று திடீரென்று ரிவர்ஸில் குறுக்கே வந்தது. அக்கா சரியாக இடது காலால் பிரேக் பிடித்தார். வண்டி நின்றது. எஞ்சினும் நின்றது.

மீன்காரப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். பாதிப் பேருக்கு அக்கா பிரசவம் பார்த்தவர். "நர்சம்மா, பட்டாளத்துல சேந்துட்டியா?" என்று ஒருத்தி கேட்டாள். இன்னொருத்தி, "எம் மருமவளுக்கு அடுத்த மாசம். இதுலயே வந்துடு" என்றாள். சிரிப்பு. அக்கா கிக்கரை மிதித்தார். வரவில்லை. சூடான எஞ்சின் முரண்டு பிடிக்கும். மறுபடியும் மிதித்தார். வரவில்லை. முகம் வெளுத்துவிட்டது. படகுக்காரர்கள் நான்கு பேர் தள்ளுகிறோம் என்று கை வைக்க வந்தார்கள்.

அண்ணன் டெம்போவிலிருந்து குதித்தார். "தொடாதீங்க. யாரும் தொடாதீங்க" என்று கத்திக்கொண்டே ஓடினார். எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. இந்த நேரத்திலும் பந்தயம் பார்க்கிறாரே என்று. கிட்டே போனதும்தான் தெரிந்தது. அண்ணன் இரண்டு கையையும் விரித்துக் கூட்டத்தைத் தடுத்துக்கொண்டு, அக்காவைப் பார்த்து, "தொட்டா போச்சு. நீ தோத்துடுவ. மூச்சு விட்டுட்டு அடி" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது.

அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். பெட்ரோலைக் கொஞ்ச நேரம் அடைத்தார். திறந்தார். நெம்புகோலைப் பின்னே தள்ளினார். கெட்டியாக நிற்கிற இடம்வரை கிக்கரைக் கொண்டுவந்தார். பக்கத்தில் இருந்த பெண்களுக்கு அது தெரிந்த சைகைபோல. எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள்.

டப். டப். டப்.

துறைமுகத்தில் எழும்பிய சத்தத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. ஏலக்காரர் ஏலத்தொகையை மறந்துவிட்டார். அண்ணன் அங்கேயே நின்று ஓட்டல்காரருக்குப் போன் போட்டு, "பூந்தொட்டிக்கு வேற எதனா பாத்துக்குங்க. இது ஓடற வண்டி" என்றார். பிறகு வந்து கேரியரில் ஏறி அக்காவின் பின்னால் உட்கார்ந்தார். அப்பா ஓட்டக் கற்றுக்கொடுத்த ஒரே ஆள், எண்ணெய் வழிகிற கேரியரில், தங்கை தோளைப் பிடித்துக்கொண்டு வீடுவரை வந்தார். அந்தப் பேன்ட்டை அண்ணி இன்னும் துவைத்துக்கொண்டிருக்கிறார்.

அதன் பிறகு அக்கா அந்த வண்டியில் போகாத இடம் இல்லை. மார்க்கெட், ரேஷன் கடை, கல்யாணம், காரியம் எல்லாவற்றுக்கும் அதில்தான். அந்தச் சில வருடங்கள் போல அக்கா சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

பிறகு நோய் வந்தது. அவர் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம். படுக்கையிலிருந்து தினமும் காலையில் எனக்குப் போன் செய்வார். நான் வண்டியைக் கிளப்பி, போனை எஞ்சின் பக்கம் பிடிக்க வேண்டும். "மூச்சு திணறுது. கார்புரேட்டர்ல ஊசி போடு" என்பார். அவருக்கே அப்போது மூச்சு திணறிக்கொண்டிருந்தது. கடைசியாகச் செய்த போனில் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "நல்லா இருக்கா" என்றார். வண்டியைத்தான் சொன்னார்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நர்ஸ்களுக்கும் நன்றி. லேத்துப் பாய்க்கு நன்றி. காரியத்தன்று கடலுக்குப் போகாமல் வந்து நின்ற தேங்காய்த்திட்டு ஜனங்களுக்கு நன்றி. மூன்று ஊர் அலைந்த அண்ணனுக்கு நன்றி. அக்கா இறந்த மாதமே ஓட்டல்காரர் மறுபடியும் வண்டியைக் கேட்டு அவரைக் கூப்பிட்டார். அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்காதீர்கள், பிரெஞ்சில் சொன்னார். பந்தலில் காப்பி குடித்தவர்களுக்கு நன்றி இல்லை. சாப்பாடு உண்டு. சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

வண்டியை இப்போது என் மனைவி ஓட்டுகிறார். அவருக்கும் முன்பு எதுவும் ஓட்டத் தெரியாது, அதனால் வந்துவிட்டது. எனக்கு இன்னும் வலது கால் திருந்தவில்லை.

வருட நினைவு நாளன்று வண்டி வாசலில் நிற்கும். மாலை அக்காவின் படத்துக்குப் போதும், வண்டிக்குப் போடாதீர்கள், ஹேண்டில்பாரில் சிக்கும். தட்டில் சந்தனமும் குங்குமமும் இருக்கும். பொட்டு வைக்க விரும்புகிற பெண்கள், தாலி இருக்கிறவர்களும் இல்லாதவர்களும், யார் வேண்டுமானாலும் வைக்கலாம். ஆனால் வைத்தவர்கள் தட்டோடு நிற்கக் கூடாது. ஏறி உட்கார்ந்து தெருவை ஒரு சுற்று சுற்றி வர வேண்டும். இந்த வீட்டில் இனி அதுதான் வழக்கம்.

அத்தையும் வரட்டும். கேரியரில் இடம் இருக்கிறது. கெட்டியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன்.